தாணுமாலையன் கொடுத்த புகார்

அத்தியாயம் 9

மாடம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளை விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தது. புட்டிப் பாலைத் தட்டிவிட்டது, பிஸ்கட்டைத் துப்பியது, ஷிஜா காட்டிய ஸ்கூட்டர் சாவியை வாங்கி அவள் மூக்கிலேயே எறிந்தது. கிழக்கேகோட்டையில் செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் ஆபீஸில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். ஓடிப்போன புருஷனைத் தேடி வந்தவர்கள்கூட இப்படி மூச்சுவிடாமல் அழுததில்லை.

"இதோட அம்மா வந்தாத்தான் அடங்கும் சார்," என்றாள் மாடம்மாள். "எஸ்.ஐ. சொல்றாரு, போலீஸ் கஸ்டடி முடியுதாம், இன்னைக்குச் சாயங்காலம் என் தங்கச்சியைக் கோர்ட்டுல நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம். பால்குடி மாறாத பிள்ளைன்னா அதையும் கூடவே உள்ள விட ரூல் இருக்காம். பெரிய உபகாரம் பண்ற மாதிரி சொல்றாரு."

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் மாடம்மாள். தங்கை கௌசல்யா மலையை விட்டு இறங்கி, ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்த்தாள். போன வாரம் ஒரு சாயங்காலம் அங்கே மங்கலம் என்ற அம்மாள், ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்த படுக்கையாய் இருந்தவர், மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார். தலையணை தரையில் கிடந்தது. அந்த நேரத்தில் மாடியில் இருந்தது கௌசல்யா ஒருத்திதான். 'இந்த ஆயா என் அக்காவை மிரட்டுகிறாள்' என்று ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் மங்கலத்தின் தம்பி தாணுமாலையன் முந்தின மாதமே போலீஸில் புகார் கொடுத்து வைத்திருந்தார். பிறகென்ன, மறுநாள் காலையில் கௌசல்யா ஜீப்பில் ஏறினாள். பத்திரிகைக்குப் போட்டோவும் எடுத்தாயிற்று.

"பின்படி வழியா ஹெல்மெட் போட்ட ஒரு ஆளு இறங்கிப் போனதைப் பார்த்தேன்னு அவ சொல்றா. யாரு நம்புறா?" என்றாள் மாடம்மாள். "அந்தம்மா கூப்பிடறதுக்கு ஒரு பித்தளை மணி வச்சிருப்பாங்களாம். அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். இவ மாடியிலேயே அந்தக் கோடியில ஒருத்தருக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தாளாம். சட்டுன்னு மணி நின்னுடுச்சு. தூங்கிட்டாங்கன்னு நினைச்சாளாம். இப்ப அந்த மணியையே காணோமாம் சார்."

அந்த ஆபீஸை நடத்தும் வன்னியராஜ், கௌசல்யாவின் வக்கீல் வாங்கிக் கொடுத்திருந்த போலீஸ் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டியவன், நாகர்கோவில்காரன், பேசக் காசு கேட்கிற ஜாதி. அவனுக்கும் சேர்த்து, உதவிக்கு இருக்கிற ஷிஜா பேசுவாள். பாறசாலையில் பிறந்து, மலையாளத்தில் படித்து, இரண்டு பாஷையிலும் வம்பு வாங்கத் தெரிந்தவள்.

"அண்ணாச்சி, அந்தம்மாவோட தம்பி, அந்தக் கிழவர், அப்ப வீட்டுல இருந்தாருன்னு போலீஸே சொல்லுதே. சத்தம் தாங்கலைன்னு அங்க இருந்துதானே போலீஸ் ஆப்புல புகார் அனுப்பினாரு?"

"அதான் இடிக்குது," என்றான் வன்னியராஜ். "மங்கலம் செத்த நேரத்துக்குச் சரியா வந்த புகார். தெருமுனையில கூட்டம் நடக்குது, குழாய் ஸ்பீக்கர் வச்சு சினிமாப் பாட்டு போடறாங்க, அசிங்கமாப் பேசறாங்க, என் ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு எழுதியிருக்காரு. எங்க இருந்தீங்கன்னு யாரும் கேக்கறதுக்கு முந்தியே ஆளு பதில் வச்சிருக்காரு."

"அவரு எல்லாக் கூட்டத்துக்கும் புகார் கொடுக்கற ஆளு அல்லே. கல்யாண ஊர்வலத்துக்குக் கொடுப்பாரு, கட்சி ஊர்வலத்துக்குக் கொடுப்பாரு. போன கிறிஸ்துமஸுக்கு எங்க சர்ச் பிள்ளைங்க மேல கொடுத்தாரு. அதுல ரெண்டு பிள்ளைங்க மோசமாப் பாடுவாங்க, அது வேற விஷயம்."

"டவர்?"

"ரெண்டு இடத்துக்கும் ஒரே டவர்தான். போன் சாட்சி சொல்லாது."

"அப்ப தெரு சொல்லட்டும். வா."

*

தாணுமாலையனின் தெருமுனையில் பரோட்டா மாஸ்டர் ஜெயன் மாவைப் பிசைந்துகொண்டிருந்தான். ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துக்கு இந்த வட்டாரத்தில் அவன்தான் செயலாளர். அன்றைய கூட்டத்துக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

"அது என்ன கூட்டம் மாஸ்டர்? சினிமாப் பாட்டெல்லாம் போட்டு அமர்க்களப்படுத்தினீங்களாமே?" என்றாள் ஷிஜா.

ஜெயனின் கை நின்றது. "எவன் சொன்னான்? எங்க பையன் செல்வகணேஷ் அடுக்களையில தீப்பிடிச்சு வெந்து செத்தான். அதுக்கு இரங்கல் கூட்டம். எழவுக்கு எவனாவது பாட்டு போடுவானா?"

"சரி, பாட்டு வேண்டாம். மைக்காவது இருந்துச்சா?"

"எங்க இருந்து? ரோட்டோரத்துல கூடுறதுக்குத் தனி அனுமதி, மைக்குக்குத் தனி அனுமதி பாத்துக்கிடுங்க. ரெண்டுக்கும் ஸ்டேஷனுக்கு நடையா நடந்தேன். புது எஸ்.ஐ. கூடுறதுக்கு ஒத்துக்கிட்டாரு. பாதி ரோடு திறந்து கிடக்கணும், நடைபாதையில பந்தல் போடக்கூடாது, பஸ்ஸை மறிக்கக்கூடாதுண்ணு சொன்னாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். மைக் மட்டும் கிடையவே கிடையாதுண்ணுட்டாரு. அந்த ஸ்ரீவராகத்துக் கிழவரு கொடுத்த புகார் ஒரு சாக்கு நிறைய இருக்குதாம்."

"பின்னே எப்படித்தான் கூட்டம் நடத்தினீங்க?"

"வாயில கறுப்புத் துணி கட்டிக்கிட்டு நின்னோம். பேச வந்த தலைவரு, மைக் இல்லாம பேசினா மரியாதை இல்லைண்ணு பாதியில போயிட்டாரு. அவன் அம்மா முன்னால உக்காந்திருந்தா. அவளும் அழலை. சத்தம் போட்டா அடுத்த தடவை கூடுறதுக்கும் அனுமதி கிடைக்காதுண்ணு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்." ஜெயன் மாவை ஓங்கி ஒரு அறை அறைந்தான். "பெத்தவளை அழாதேண்ணு சொன்ன பாவி நான்."

ஷிஜாவுக்கு நாக்கு நுனிவரை வந்த கேலி ஒன்று அப்படியே திரும்பிப் போயிற்று. அவள் வன்னியராஜைப் பார்த்தாள். அவன் தெருமுனையிலிருந்து தாணுமாலையனின் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லெறிகிற தூரம்தான்.

"அண்ணாச்சி, கூட்டம் நடக்கப் போகுதுன்னு நோட்டீஸைப் பார்த்திருக்காரு. கூட்டம்னா மைக் இருக்கும், மைக்னா சத்தம் இருக்கும்னு வழக்கமா எழுதறதையே எழுதிட்டாரு."

"வீட்டுல இருந்து எழுதலை," என்றான் வன்னியராஜ். "வீட்டுல இருந்திருந்தா எழுதவே மாட்டாரு."

*

எஸ்.ஐ. மஹேஷ் கதையைப் பொறுமையாகக் கேட்டார். முடிகிறவரை தலையை ஆட்டினார். கேஸ் இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று ஷிஜா நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அவர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

தாணுமாலையனின் புகாருக்குக் கீழே ஸ்டேஷனின் பதில் இருந்தது. 'உடனடியாக ஸ்தலத்துக்கு நேரில் சென்றோம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தோம். கூட்டத்தாரை எச்சரித்தோம்.' அடியில் மஹேஷின் பெயர்.

"போனீங்களா சாரே?" என்றாள் ஷிஜா.

"எங்கே போறது? அந்த ஆளோட புகார் வந்தா இங்கே யாரும் படிக்கறதே இல்லை. கம்ப்யூட்டர்ல இருக்கிற சுதீஷ் ஒரே பதிலை எல்லாத்துக்கும் போட்டு விடுவான்." மஹேஷின் தமிழ் மலையாள இழுவையோடு நிதானமாக வந்தது. "இப்போ பாருங்க. சத்தம் இருந்துச்சுன்னா, அனுமதி இல்லாம மைக் வச்சதுக்கு ஜெயன் மேலே கேஸ். சத்தம் இல்லைன்னா, என் பேர்ல போன பதில் பொய். ரெண்டுல எதை நான் எடுப்பேன்?"

"மூணாவதா ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு கொல்லலை."

"அது எந்த ஃபைல்ல வருது?"

வெளியே வராந்தாவில் பிள்ளை அழுதது. லாக்கப்புக்குள் இருந்து ஒரு பெண்குரல் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் கம்பியில் லத்தியால் தட்டினாள். குரல் அடங்கியது, பிள்ளை அடங்கவில்லை.

"தோட்டத்துப் பொண்ணு," என்றார் மஹேஷ். "அதுக்கு ஆள் இல்லை, கட்சி இல்லை. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு, புரமோஷன் உண்டு. நீங்க போய்ட்டு வாங்க. ஜெயனை வச்சு ஏதாவது கிளப்பினீங்கன்னா அவனும் உள்ளே வருவான், மனசிலாயோ?"

ஷிஜாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் விட்டாள். படியிறங்கும்போது, "இனி என்ன அண்ணாச்சி? ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்து நிக்குதே," என்றாள்.

"ஒண்ணை உருவினா ரெண்டும் விழும்." வன்னியராஜ் அந்தப் பதிலின் நகல் ஒன்றைச் சுதீஷிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். "கிழவருக்கு இன்னும் இதைப் படிக்க நேரம் கிடைச்சிருக்காது. துக்க வீடுல்லா. கொண்டு போய்க் கொடுப்போம்."

*

தாணுமாலையனின் வீட்டில் நுழைந்ததும் ஷிஜாவுக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் கழற்றப்பட்டிருந்தது. ஜன்னல்களில் இரட்டைக் கண்ணாடி. செகரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர், மெலிந்த ஆள், வெள்ளை வேட்டி. அவர் பேசினால் நாம் குனிந்து கேட்க வேண்டும்.

"வாங்கோ. கதவை மெதுவாச் சாத்துங்கோ."

"அக்கா போனதுக்கு வருத்தம் சொல்ல வந்தோம் சார்," என்றான் வன்னியராஜ்.

"அவ வர்ற வாரம் இங்கேயே திரும்பி வரேன்னு சொல்லிண்டிருந்தா. அந்த இடம் பிடிக்கலையாம். ராத்திரி பகல் பார்க்காம மணி அடிப்பா. தண்ணின்னா மணி, ஈ உக்காந்தா மணி." தாணுமாலையன் கண்ணை மூடித் திறந்தார். "பகவான் அழைச்சுண்டுட்டார். இப்ப அகம் நிம்மதியா இருக்கு."

அக்கா செத்த வீட்டில் நிம்மதி என்று ஒருவர் சொல்லி ஷிஜா கேட்டதில்லை. அவள் பார்வையைத் திருப்பினாள். பூஜை அலமாரியில் விளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் நடுவே ஒரு பித்தளைக் கைமணி இருந்தது. மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் வன்னியராஜின் செருப்பில்லாத காலைத் தன் காலால் மிதித்தாள். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்.

"இன்னொரு விஷயம் சார். அன்னைக்கு நீங்க கொடுத்த புகாருக்கு எஸ்.ஐ. மஹேஷ் நேர்லயே வந்து சத்தத்தைக் குறைச்சிட்டாராமே. நல்ல ஆபீஸர். அவருக்குப் பாராட்டுக் கடிதம் போகப் போகுதாம்."

தாணுமாலையனின் மெல்லிய குரல் முதல்முறையாக ஒரு படி ஏறியது. "யார் வந்தா?"

வன்னியராஜ் காகிதத்தை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்கக் கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவின் சாவைப் பற்றிப் பேசும்போது துடிக்காத கன்னம் இப்போது துடித்தது.

"பொய். பச்சைப் பொய். ஒருத்தனும் வரலை. இத்தனை வருஷமா இதே பதிலைத்தான் அனுப்பறா. இந்த மஹேஷுக்குப் பாராட்டா?"

"நீங்க உள்ள இருந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க," என்றாள் ஷிஜா, இரக்கப்படுகிறவள் போல.

"நான் ஜன்னல்லயே நின்னுண்டிருந்தேன் குழந்தே. ஆரம்பிச்சதுலேருந்து முடியறவரைக்கும் நகரலை."

"போலீஸ் எழுத்துல கொடுத்திருக்கு சார். அதுக்கு மேல நம்ம என்ன செய்ய முடியும்?"

அவ்வளவுதான். தாணுமாலையன் போனை எடுத்தார். கமிஷனருக்கு, டி.ஜி.பி.க்கு, முதலமைச்சரின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு என்று ஒரே மூச்சில் தட்டினார். கூட்டம் முடியும்வரை தான் ஜன்னலில் நின்று பார்த்ததாகவும், ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை என்றும், ஒலிபெருக்கி கடைசிவரை ஒரே அளவில் அலறியது என்றும், எஸ்.ஐ. பொய்ப் பதில் கொடுத்திருக்கிறார், அவரை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்றும் எழுதி, அவர்களுக்குப் படித்தும் காட்டினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பினார். அனுப்பியதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

"ஆப்புல போட்டா நாளாகும்," என்றான் வன்னியராஜ்.

"கமிஷனர் ஆபீஸுக்குப் போன் பண்றேன். அங்கே எனக்குத் தெரிஞ்சவா இருக்கா."

தெருவுக்கு வந்ததும் ஷிஜா நெடுமூச்சு விட்டாள். "கழுத்துல கயிறைத் தானே மாட்டிக்கிட்டு, முடிச்சு சரியா இருக்கான்னு நம்மகிட்டயே கேட்டாரு அண்ணாச்சி."

*

மத்தியானம் தாண்டியதும் ஷிஜாவின் போன் அடித்தது. எஸ்.ஐ. மஹேஷ். காலையில் கேட்ட நிதானம் குரலில் இல்லை.

"ஜெயன்கிட்ட அன்னைக்கு எடுத்த வீடியோ ஏதாவது இருக்குமா? மைக் இல்லாத மாதிரி?"

"எதுக்கு சாரே? மைக் வச்சதுக்கு அவன் மேலே கேஸ் போடறதா இருந்தீங்களே."

"கமிஷனர் கூப்பிட்டுக் கேட்டாரு. ஸ்தலத்துக்குப் போகாம போனதா எழுதினியான்னு கேட்டாரு. சத்தமே இல்லை, புகாரே பொய், அதனாலதான் போகலைன்னு சொல்லியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ளே தெளிவு வேணும், ஆதாரம் வேணும். கொஞ்சம் உதவி செய்யணும்."

ஷிஜா வன்னியராஜுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் கெஞ்சுவதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

தன் உத்தியோகத்தைக் காப்பாற்ற மஹேஷ் அன்று பட்ட பாட்டை, கௌசல்யாவுக்காகக் கால்வாசி பட்டிருந்தாலும் அவள் ஜீப்பிலேயே ஏறியிருக்க மாட்டாள். ஜெயனின் ஆட்கள் எடுத்த வீடியோக்கள் வந்தன. எதிர்ப் பேக்கரியின் கேமராப் படம் வந்தது. எல்லாவற்றிலும் கறுப்புத் துணி கட்டிய வாய்களும், அழாமல் உட்கார்ந்திருந்த ஒரு தாயும். மைக்கை மறுத்து மஹேஷே போட்ட உத்தரவும் மேலே போயிற்று. புகார் பொய் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்த பிறகு வன்னியராஜ் கேட்டான்.

"மைக்கே இல்லாத கூட்டத்துல மைக் அலறினதா ஒருத்தரு ஜன்னல்ல நின்னு கேட்டிருக்காரு. அப்ப அவரு நின்னது எந்த ஜன்னல் சார்?"

மஹேஷ் எழுதியதைத் திரும்பப் படித்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"பூஜை அலமாரியில ஒரு மணி இருக்கு," என்றாள் ஷிஜா. "போகும்போது அதையும் எடுத்துக்கிடுங்க. அந்தப் பொண்ணு கேட்டு, சட்டுன்னு நின்னுபோன மணி."

*

தாணுமாலையன் மறுக்கவில்லை. மணியை மேஜையில் வைத்ததுமே முடிந்துவிட்டது. முதலில் மணியைத்தான் பிடுங்கியிருக்கிறார். கையோடு கொண்டுபோயிருந்த பஞ்சை அதன் நாக்கில் அடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அப்புறம்தான் தலையணையை எடுத்திருக்கிறார். புகாரை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்து, இல்லத்தின் பின்படியில் ஹெல்மெட்டோடு நின்று அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் ஆபீஸ் குறிப்பு வாசிப்பது போல வரிசையாகச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு இருந்தது.

"மைக் ஏன் இல்லை?"

"நான்தான் கொடுக்கலை," என்றார் மஹேஷ். "இந்த ஸ்டேஷனுக்குப் புதுசா வந்தப்போ உங்க பழைய புகார் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். அதனாலதான் மறுத்தேன்."

தாணுமாலையன் மேஜையிலிருந்த மணியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அப்படின்னா அன்னிக்கு எங்க தெருவுல சத்தமே இல்லையா?"

"இல்லை."

"சாயங்காலம் முழுக்கவா?"

"முழுக்க."

கிழவரின் கண்ணில் நீர் திரண்டு வழிந்தது. அக்காவுக்காக வராத கண்ணீர். ஆயுசு முழுக்கக் கேட்டு வாங்கிய ஒரு நிசப்தமான சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்திருக்கிறது, அவர் வீட்டில் இல்லை. ஷிஜாவுக்கு அவர்மேல் துளி இரக்கம் வரவில்லை. அன்றைக்கு அழாமல் உட்கார்ந்திருந்த செல்வகணேஷின் அம்மாவைத்தான் நினைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கோர்ட் கௌசல்யாவை விட்டது. துணிப்பையை வாங்க ஸ்டேஷனுக்கு வந்தவளிடம் மாடம்மாள் பிள்ளையை நீட்டினாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு அவள் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள். பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் வீறிட்டது.

"வத்திப்போச்சு அக்கா," என்றாள் கௌசல்யா. அவ்வளவுதான் சொன்னாள்.

பிள்ளை கத்திய கத்தலில் உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த சுதீஷ் எட்டிப் பார்த்தான். லாக்கப் கம்பிக்குப் பின்னால் தாணுமாலையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"யாராவது அதை நிறுத்துங்கோ. வெளியே கொண்டு போகச் சொல்லுங்கோ."

மஹேஷ், "சரி சரி, வெளியே போங்க," என்று கையை ஆட்டினார். மாடம்மாள் துணிப்பையை எடுத்தாள். ஷிஜா பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தாள், அவளுக்கே ஒன்றும் வரவில்லை.

கௌசல்யா பிள்ளையைக் கொடுக்கவில்லை. வாசல் பக்கம் போகவும் இல்லை. நேரே லாக்கப்புக்கு முன்னால் வந்து, கம்பியை ஒட்டித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைக் கிழவரின் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க சார்," என்றாள்.

பெண் போலீஸ் லத்தியோடு ஒரு அடி எடுத்து வைத்தாள். வன்னியராஜ் அவளைப் பார்த்தான். அவள் நின்றுவிட்டாள். பிள்ளை தொண்டை கட்டும்வரை அழுதது, அதுவரை கௌசல்யா எழுந்திருக்கவில்லை.